பட்டறைத் திண்ணை: பானெட்டைத் துளைத்து வரும் புகைக்குழாய்

கேள்வி: எனக்கு வயது 24. 2021 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ டர்போ கார் வைத்திருக்கிறேன். வெளிநாட்டு டிராக் (drag) ரேஸ் கார்களில் சைலன்சரே இல்லாமல், டர்போவிலிருந்து ஒரு முழ நீளக் குழாய் பானெட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அப்படிச் செய்தால் டர்போ சீக்கிரம் எடுக்கும், பிக்கப் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சேலத்தில் குகைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து தரச் சம்மதித்துவிட்டார்கள். பானெட் மட்டும் பழையது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏறுவதுதான் என் பெரிய சந்தோஷம். செய்யலாமா?
— அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: தம்பி, செய்ய வேண்டாம். ஆனால் ஒரு வரியில் சொல்லி நிறுத்தினால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். 24 வயதில் நானும் கேட்டதில்லை. அதனால் உங்கள் ஆசையில் இருக்கும் நியாயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனைகளில் இரண்டு விசிறி. இன்ஜினை விட்டு வெளியேறும் சூடான வாயு ஒன்றைச் சுற்றுகிறது. மற்றது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. 1905-இல் சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூச்சி காப்புரிமை எடுத்த யோசனை இது. வாயு விசிறியைச் சுற்ற வேண்டுமானால் விசிறிக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். மதகைத் திறந்துவிட்டு, கீழே வாய்க்கால் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் தண்ணீர் எப்படிப் பாயும்? அதே கதைதான். டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குழாய் எவ்வளவு குட்டையோ, எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு விசிறி சீக்கிரம் வேகம் பிடிக்கும். டர்போ இல்லாத இன்ஜினில் குழாய் நீளத்தைக் கணக்குப் பார்த்து வைப்பதில் ஒரு லாபம் உண்டு. டர்போவுக்குப் பின்னால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அங்கே குழாய் இல்லாமலே இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் நண்பர்கள் அந்த அளவுக்குச் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஆனால் அந்தக் குழாய் எந்த வண்டிக்காகப் பிறந்தது என்று பாருங்கள். டிராக் பந்தயம் என்பது நேர் பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர். பத்துப் பன்னிரண்டு வினாடியில் முடிந்துவிடும். 500, 600 குதிரைத்திறன் எடுக்கும் இன்ஜின், அதற்குத் தலைப்பாகை அளவு டர்போ. பின்பக்கம் வரை குழாய் இழுத்தால் எடையும் கூடும். இன்ஜினுக்கு முன்னால் டர்போவை வைத்து, ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே பானெட்டைத் துளைத்து விடுகிறார்கள். உள்ளே ஒரே ஆள், ஹெல்மெட்டோடு. ஓட்டம் முடிந்ததும் கதவைத் திறந்துவிடுவார். பல வண்டிகள் டிரெய்லரில்தான் வீடு திரும்பும். நீங்களோ அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறீர்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் உறுமிக்கொண்டு முக்கால் மணி நேரம், அநேகமாக நாலு பேரோடு.

லாபக் கணக்கையும் பார்த்துவிடலாம். உங்கள் இன்ஜின் 110 குதிரைத்திறன். இரண்டரை அங்குலக் குழாயே 200 குதிரைக்குத் தாராளம். உங்கள் குழாயில் பெரிய தடை அதன் நீளம் அல்ல, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சைலன்சரும்தான். அதை எடுத்தால் கூடத்தானே வேண்டும் என்பீர்கள். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் விடாது. எந்த நேரத்தில் எவ்வளவு இழுவிசை என்று அது முன்பே கணக்கு வைத்திருக்கிறது. டர்போ அதற்கு மேல் ஊதினால் வேஸ்ட்கேட் என்ற பக்கக் கதவைத் திறந்து வாயுவை வேறு வழியில் அனுப்பிவிடும். கம்ப்யூட்டரைத் தொடாமல் பானெட்டை மட்டும் துளைத்தால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனசு நம்பும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் தெரியும்.

இனி நான் இந்தக் கடிதத்துக்கு இத்தனை இடம் ஒதுக்கியதன் காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் போலோவின் பானெட்டைத் திறந்து பாருங்கள். எதிரே தெரிவது காற்று உள்ளே போகும் பக்கம். எக்ஸாஸ்ட் பக்கம் பின்னால், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டை ஒட்டி இருக்கிறது. அந்த இன்ஜினையே 12 டிகிரி பின்பக்கம் சாய்த்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள். டர்போவும் அங்கேதான். ஆக, குட்டைக் குழாய் வைத்தால் அது ரேடியேட்டர் பக்கம் வராது, முன்கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் வரும். கண்ணாடிக்கு அடியில் வைப்பர் படுத்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஜாலி இருக்கிறதே, அதுதான் உங்கள் கேபின் மூச்சு விடும் மூக்கு. வண்டி ஓடும்போது பானெட் மேல் வழுக்கி வரும் காற்று கண்ணாடியின் அடியில் வந்து முட்டும், அங்கே அழுத்தம் கூடும். அதனால்தான் வெளிக்காற்று எடுக்கும் வாயை அங்கே வைக்கிறார்கள். நீங்கள் அந்த மூக்கிலேயே புகைக்குழாயைச் சொருகப் பார்க்கிறீர்கள்.

பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. கன்வர்ட்டர் இருந்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே எரிந்துவிடும். நீங்கள் அதையும் சேர்த்து எடுக்கிறீர்கள். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தாலும், ஏறியதில் பாதி இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு மார்கழி மாதம். பிரீமியர் பத்மினி ஒன்றுக்கு வேலை முடித்து, ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது பார்க்கலாம் என்று நானும் வண்டிக்காரரும் கிளம்பினோம். அவர் மனைவியும் ஏழு வயது மகளும் நாங்களும் வருகிறோம் என்று ஏறிக்கொண்டார்கள். இன்ஜினும் புகைக்குழாயும் சேரும் இடத்தை அடைக்கும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் லேசாக ஒரு ‘டிக் டிக்’ சத்தம் இருந்தது. எனக்குக் கேட்டது. சூடானால் அடங்கிவிடும் என்று விட்டேன். அது நான் செய்த தப்பு. ஃபயர்வாலில் ஒயர் போகும் ஓட்டைகளுக்கு ரப்பர் வாஷர் மாற்றாமல் விட்டதும் என் தப்பு.

பாதி மலையில் பனி இறங்கியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். நாலைந்து வளைவு தாண்டியதும் குழந்தை வாந்தி எடுத்தது. மலை ஏறினால் வருவதுதானே என்று அம்மா எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். அடுத்து அவருக்கே தலைவலி. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். எனக்கு நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடிப்பதுபோல் துடித்தபோதுதான் உறைத்தது. அந்த மலையை எத்தனை தடவை ஏறியிருக்கிறேன், ஒரு நாளும் எனக்குத் தலை சுற்றியதில்லை. ‘அண்ணே, ஓரங்கட்டுங்க’ என்று கத்தினேன். நாலு கதவையும் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்புச் சுவர் ஓரம் போய் நின்றோம். அது துவண்டு என் தோளில் கிடந்த கனம் இன்னும் தோளில் இருக்கிறது. அரைமணி நேரம் கழித்துத்தான் ‘தண்ணி’ என்று கேட்டது. பானெட்டைத் திறந்தால், கேஸ்கெட்டிலிருந்து ஃபயர்வால் வரை கரி ஒரு கோடு போட்டிருந்தது.

தம்பி, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சமவெளியில் ஓடும் வண்டியில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் குமட்டினால் சந்தேகம் வரும். மலைப்பாதையில் வராது. விஷவாயு ஏறினால் வரும் தலைவலியும் குமட்டலும் மயக்கமும், வளைவு சுற்றினால் வருவதும் ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் எலுமிச்சம்பழம்தான் தேடுவார். அன்று எங்களுக்கு ஒழுகியது நகக்கண் அளவு இடைவெளி. நீங்கள் போடப்போவது முழுக் குழாய்.

‘உள்காற்றே சுழலும்படி ஏ.சி. பட்டனைப் போட்டுக்கொள்கிறேன்’ என்று நினைக்கலாம். அந்தக் கதவு முழுக்க இறுக்கமாக மூடாது. தவிர, பனியில் உள்காற்றையே சுற்றவிட்டால் கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழி தெரியாமல் போகும். அதைத் துடைக்க வெளிக்காற்றைத்தான் திறக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் அந்த இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும்.

மற்றவை வேகமாக. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியிலும் டிராக்டரிலும் மேல்நோக்கிய குழாய் பார்த்திருப்பீர்கள். மழைக்கு அதன் வாயில் ஆடும் மூடி ஒன்று இருக்கும். அது இல்லாமல் போனால் கோடை மழையில் தண்ணீர் நேராக டர்போவின் கொதிக்கும் வார்ப்பிரும்புக் கூட்டில் விழும். விரிசல் விடலாம், துரு நிச்சயம். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் ஆடும், பானெட் ஆடாது. அதனால் ஓட்டையைக் குழாயைவிடப் பெரிதாக வெட்டியாக வேண்டும். அந்த இடைவெளி வழியே சூடும் புகையும் பானெட்டுக்கு அடியிலும் திரும்பும். அங்கேதான் பிரேக் ஆயில் டப்பாவும் ஒயரிங்கும் இருக்கின்றன. பகலில் குழாய்க்கு மேல் கானல் ஆடுவதால் வளைவில் எதிரே வரும் பைக் நெளிந்து தெரியும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தத்துக்கும் புகைக்கும் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, சைலன்சர் கட்டாயம் என்கிறது. பணம்கூடப் பரவாயில்லை. ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது அந்த ஓட்டையைத்தான்.

அந்தப் பணத்தை என்ன செய்யலாம்? ரேடியேட்டர் முகத்தைக் கழுவுங்கள். பூச்சியும் தூசியும் அப்பிக் கிடக்கும். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் புதிதாகப் போடுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதா பாருங்கள். நல்ல டயர் நாலு போட்டால் ஏற்காடு வளைவில் கிடைக்கும் சுகம் எந்தக் குழாயிலும் கிடைக்காது. இதற்குப் பிறகும் அந்தக் குழாய் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால், பழைய வண்டி ஒன்றை வாங்கி, ரோட்டுக்கே கொண்டுவராமல் பந்தயத்துக்கு மட்டும் கட்டுவோம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. என் பட்டறைக்கு வாருங்கள், நானே கூட உட்கார்ந்து வரைந்து தருகிறேன். டர்போ முன்பக்கம், குழாய் வலப்பக்கம் சாய்த்து, ஃபயர்வால் ஓட்டை ஒன்றுவிடாமல் அடைத்து, உள்ளே தீயணைப்பானும் கார்பன் மோனாக்சைடு அலாரமும். அதில் எனக்கு முழுச் சம்மதம்.

கேள்வி: என் மகன் காரில் கன்வர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டான். இன்ஜின் லைட் எரியாமல் இருக்க சென்சாருக்கு ஏதோ வைத்திருக்கிறானாம். இது வண்டியைக் கெடுக்குமா?
— கோரிமேடு, ஒரு தந்தை

பதில்: ஐயா, அவர் வைத்திருப்பது ஒரு சின்ன இரும்புக் குப்பியாக இருக்கும். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரைப் புகையின் நேர் ஓட்டத்திலிருந்து சற்று வெளியே இழுத்து வைக்கும். சென்சார் எல்லாம் சுத்தம் என்று பொய்த் தகவல் சொல்லும். இன்ஜின் உடனே கெட்டுவிடாது. ஆனால் நாளை புகையில் ஏதாவது கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரிய ஒரு வழி குறையும். பி.எஸ்.4, பி.எஸ்.6 (புகை அளவுக்கான அரசுத் தரம்) பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வர்ட்டர் இல்லாமல் அதைத் தொடுவது கடினம். ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள்: வெட்டி ஒட்டிய வெல்டிங் எல்லாம் காருக்கு அடியில்தான் இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரை அந்த மூட்டுகளில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாவதற்கு முன் செய்ய வேண்டும். குமிழ் வந்தால், மூட்டை அடைக்கும்வரை குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். வெட்டிய கன்வர்ட்டரை விற்றுவிட்டாரா என்று கேளுங்கள். உள்ளே விலையுயர்ந்த உலோகம் இருப்பதால் வாங்க ஆள் இருப்பார்கள். விற்காமல் இருந்தால் திரும்ப ஒட்டிவிடலாம்.

கேள்வி: டீசல் டர்போ ஜீப் வைத்திருக்கிறேன். சேலத்திலிருந்து ஏறி வந்ததும் இன்ஜினை உடனே நிறுத்தக்கூடாது என்கிறார்கள். எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும்?
— ஏற்காடு, காபித் தோட்டத்துக்காரர்

பதில்: தோட்டத்துப் பாதையில் மெல்ல உருட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்கிறீர்கள் என்றால் தனியாக நேரம் வேண்டாம். அந்த உருட்டலிலேயே டர்போ ஆறிவிடும். ஆபத்து வேறு இடத்தில். ஏறிக்கொண்டிருக்கும்போதே, பாதி மலையில் போட்டோ எடுக்க ஓரங்கட்டிச் சட்டென்று சாவியைத் திருப்புகிறார்களே, அங்கே. டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றி, ஆயில் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டம் நிற்கும், கூடு கொதித்தபடியே இருக்கும். உள்ளே நின்றுபோன ஆயில் கருகிப் படியும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டால் போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. அதனால் மலையில் இருக்கும் உங்கள் வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்குச் சற்று முன்பே ஆயில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நம் ஊர் இரும்பாலை எவர்சில்வர் தகட்டில் சைலன்சர் குழாய் செய்தால் ஆயுள் கூடுமா? குழாய்மேல் கண்ணாடி நார்த்துணி சுற்றலாமா?
— இரும்பாலை ரோடு வாசகர்

பதில்: கூடும். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருப்பதால் துரு நெருங்காது. ஆனால் எவர்சில்வர் சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும். ஒரு மீட்டர் குழாய் 600 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். நடுவில் வளையும் பெல்லோஸ் வைக்காமல் இரண்டு முனையையும் இறுக்கினால் வெல்டிங் வாயில் விரிசல் விடும். கம்பெனிக் குழாய்களில் பெரும்பாலும் வருவது 409 ரகம். நிக்கல் இல்லாதது, விலை குறைவு, நீட்சியும் குறைவு. மேலே லேசாகச் செம்பட்டை துரு பிடிக்கும், பயப்பட வேண்டாம்.

வெல்டிங் பிடிப்பவரிடம் வெளியே மட்டும் ஆர்கான் வாயு (சூடான வெல்டிங்கைக் காற்றுப் படாமல் காப்பது) விட்டால் போதாது, குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கம் வெல்டிங் சர்க்கரைக் கட்டி மாதிரி கரடுமுரடாகப் பொங்கி நிற்கும். பிறகு அது உதிரும். டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய் என்றால் உதிர்ந்தது நேரே விசிறியில் போய் அடிக்கும். குழாய்மேல் கண்ணாடி நார்த்துணி சுற்றுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ரோட்டு வண்டிக்கு வேண்டாம். மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தனியாக ஒரு விரல் இடைவெளி விட்டுத் தகடு அடித்து மறைத்தால் சூடும் தடுக்கும், காற்றும் போகும்.